கொழும்பில் வீட்டுச் சாமான்களை ஒன்லைனில் விற்பது: அலுமாரியைத் திறப்பதிலிருந்து காசு கைக்கு வரும் வரை

பாவித்த சாமானை வாங்க வருபவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "நல்ல சாமான் என்றால் ஏன் விற்கிறார்கள்?" நீங்கள் போடும் படம், சொல்லும் விலை, எழுதும் விவரம், தொலைபேசியில் பேசும் விதம், சந்திக்கக் கூப்பிடும் இடம் எல்லாமே அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. பதில் தெளிவாக இருந்தால் சாமான் சில நாட்களில் போய்விடும். தெளிவில்லாவிட்டால் நல்ல சாமான்கூட மாதக்கணக்கில் விளம்பரத்திலேயே கிடக்கும்.

இது வார இறுதியில் ஓய்வாகச் செய்யக்கூடிய வேலை. பெரிய வருமானம் வராது. ஆனால் கொழும்புத் தொடர்மாடி வீடுகளில் இடம் எவ்வளவு அருமை என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதுச் சாமான் வாங்க யோசிக்கும் குடும்பங்களும் நிறைய. நம் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்தது இன்னொரு வீட்டில் பாவனைக்கு வருவதைப் பார்ப்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம் இருக்கிறது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. எதை விற்பது, எதைத் தொடாமல் விடுவது

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரு வருடமாகக் கை படாத சாமான்களை ஒரு மூலையில் சேருங்கள். முதல் முறை நாலைந்து சாமானுக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக இருபது விளம்பரம் போட்டால் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லியே களைத்துவிடுவீர்கள்.

நன்றாகப் போகும் சாமான்களில் முதலிடம் லண்டன் பாடத்திட்டப் புத்தகங்களுக்கு. எடெக்ஸல், கேம்பிரிட்ஜ் புத்தகங்களைப் புதிதாக வாங்குவது பெற்றோருக்குப் பெரிய செலவு. சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டெம்பரில் புதிய ஆண்டைத் தொடங்குவதால் ஜூலை கடைசியில் விளம்பரம் போடுவது நல்லது. பாடத்திட்டம் மாறிவிட்டதா, எந்தப் பதிப்பு என்பதை அட்டையில் பார்த்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், பாடசாலை, தொலைபேசி இலக்கம் இருக்கும். அதன்மேல் தாள் ஒட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நம்மவர் வீடுகளில் மட்டும் கிடைக்கும் ஒரு வகை. அரங்கேற்றத்துக்கு ஒரே ஒரு நாள் உடுத்த பரதநாட்டிய ஆடைகள், டெம்பிள் செட் எனப்படும் நடன நகைகள், சலங்கை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை இரண்டு மூன்று தரம் எடுத்த பிறகு பிள்ளை தொடாத வயலின், வீணை, மிருதங்கம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் இவற்றைத் தேடும் பெற்றோர் எப்போதும் இருக்கிறார்கள். ஆடைக்கு மார்பு, இடுப்பு, உயர அளவுகளை அங்குலத்தில் எழுதுங்கள். உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தால், பெருப்பிக்கலாமா என்று கேட்டு வரும் பாதிக் கேள்விகள் நின்றுவிடும்.

குழந்தைத் தொட்டில், தள்ளுவண்டி, படிக்கும் மேசை, தேக்குக் கதிரை, ஃபேன், மிக்ஸி, வோஷிங் மெஷின், மடிக்கணினி, கமரா ஆகியவையும் நன்றாகவே போகும். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சார்ஜ் ஃபேன், லைட் பல வீடுகளில் கிடக்கின்றன. பற்றரி இறந்திருக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தொடாமல் விட வேண்டியவை: தங்கம் வேண்டாம், அதை நிறுத்துப் பார்த்து வாங்குவதற்குச் செட்டியார் தெரு இருக்கிறது. மருந்து வேண்டாம். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை எந்த விலைக்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கனடா, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மிக்ஸி, ஹெயார் ட்ரையர் போன்றவற்றில் கவனம் தேவை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் கருகிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் 100-240 என்று இருந்தால் பிரச்சினை இல்லை. வெறும் 120 என்று இருந்தால் அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வாகனங்களுக்குப் பத்திரம், பெயர் மாற்றம் என்று வேறு நடைமுறை இருப்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

2. சாமானைத் தயார் செய்வது

துடைத்துக் கழுவிய சாமானுக்கும் அப்படியே எடுத்து வைத்த சாமானுக்கும் விலையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். ஃபேனின் இதழ், மிக்ஸியின் அடிப்பாகம், ஃப்ரிஜ் கதவின் இறப்பர் மடிப்பு, வோஷிங் மெஷினில் தூள் போடும் தட்டு ஆகிய இடங்களைத்தான் வருபவர் முதலில் தொட்டுப் பார்ப்பார்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் துரு ஒரு நிரந்தரத் தலையிடி. மேல்பூச்சு அடித்து அதை மறைக்க வேண்டாம், தேய்த்து எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டு மிச்சத்தைப் படத்தில் காட்டுங்கள். ரெக்சின் சோபா ஈரப்பதத்தில் உரியத் தொடங்கினால் நிற்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். கமரா லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பதும் இந்த ஊரில் சாதாரணம். கமரா தெரிந்தவர் டோர்ச் அடித்துத்தான் பார்ப்பார், ஆகவே நீங்களே முதலில் அடித்துப் பாருங்கள்.

கைத்தொலைபேசி, மடிக்கணினி என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. முதலில் படம், தொடர்பு இலக்கங்கள், வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். பிறகு ஐபோன் என்றால் ஐகிளவுட் கணக்கிலிருந்தும், அன்ட்ரொயிட் என்றால் கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். அதன்பின்தான் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். இந்த ஒழுங்கு மாறினால் போன் பழைய கணக்கின் பூட்டோடு நிற்கும், வாங்கியவர் இரவு பத்து மணிக்கு உங்களுக்கு அழைப்பார். வங்கிச் செயலிகளில் அந்தப் போனின் பதிவையும் நீக்குங்கள். சிம், மெமரி கார்ட் இரண்டையும் எடுத்துவிட்டீர்களா என்று இன்னொருமுறை பார்ப்பது நல்லது.

*#06# அழுத்தினால் ஐஎம்இஐ (IMEI) எனப்படும், அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 1909 இற்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். அந்தப் பதிலை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். வாங்குபவர் கேட்பதற்கு முன் நீங்களே காட்டினால் பேச்சே சுருங்கிவிடும். பில், பொக்ஸ், சார்ஜர் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். திருட்டுச் சாமானோ என்ற பயம் வாங்குபவருக்கு எப்போதும் இருக்கும். அந்தப் பயத்தைப் போக்குவதில் பில்லுக்கு நிகர் எதுவுமில்லை.

3. படம்

காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், பல்கனிப் பக்கம் வெளிச்சம் வரும் இடத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்னால் வெற்றுச் சுவரோ வெள்ளைப் பெட்ஷீற்றோ போதும். சுவரில் தொங்கும் குடும்பப் படம், பிள்ளையின் சீருடை, வீட்டு இலக்கம் எதுவும் படத்தில் விழக்கூடாது.

முழுச் சாமான், பக்கவாட்டு, பின்பக்கம், மொடல் இலக்கம் உள்ள லேபிள், ஓடிக்கொண்டிருக்கும் நிலை, அப்புறம் குறை எங்கே இருக்கிறதோ அந்த இடம் மிக அருகில். குறையைக் காட்டும் படந்தான் மிக முக்கியமானது. கீறலை நீங்களே காட்டும்போது மற்றப் படங்கள் அனைத்தும் நம்பத்தக்கவையாகிவிடுகின்றன. இணையத்திலிருந்து எடுத்த கம்பனிப் படத்தைப் போட்டால் சாமானே கையில் இல்லாதவர் போலத் தெரியும்.

4. விலை

எல்லோரும் தடுமாறும் இடம் இது. நாம் எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதிலிருந்து கணக்குத் தொடங்குவதுதான் காரணம். இலங்கையில் அந்தக் கணக்கு சரிவராது. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தாண்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து அந்தக் காலத்தில் விலைகளைத் தலைகீழாக்கின. 2020 இல் வாங்கிய ஃப்ரிஜ்ஜின் பில்லைப் பார்த்தால் மிகக் குறைவாகக் கேட்பீர்கள். 2022 நடுப்பகுதியில் உச்ச விலைக்கு வாங்கியவர் மிகக் கூடுதலாகக் கேட்பார்.

ஆகவே பழைய பில்லை ஒதுக்கிவிட்டு, இன்றைக்கு அதே சாமான், அல்லது அதற்கு நிகரான மொடல், கடையில் என்ன விலை என்று பாருங்கள். கணினிச் சாமானுக்கு யூனிட்டி பிளாசா, போனுக்கு லிபர்ட்டி பிளாசா, மற்றதற்குப் பெரிய கடைகளின் இணையத்தளங்கள். பிறகு இக்மன் விளம்பரத் தளத்தில் அதே மொடலைத் தேடி, நீண்ட நாளாக விற்காமல் கிடக்கும் விளம்பரங்களின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு ஆள் இல்லை என்பது அதிலிருந்தே தெரியும்.

நான் வைக்கும் அளவு இது: வாரண்டி மிச்சமிருக்கும், ஒரு வருடத்துக்குட்பட்ட மின்சாதனத்துக்கு இன்றைய புது விலையில் 70 வீதம் வரை. இரண்டு மூன்று வருடப் பாவனை என்றால் பாதி. ஐந்து வருடம் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. புத்தகம் எழுதாமல், கோடு போடாமல் இருந்தால் பாதி விலை. தேக்குத் தளபாடம் இந்தக் கணக்குக்குள் வராது, நல்ல மரமென்றால் வயது பெரிதாக விலையைக் குறைப்பதில்லை. போனுக்குப் பற்றரி ஹெல்த் வீதத்தைப் பார்த்துத்தான் பேரம் நடக்கும்.

கேட்கும் விலையை, நீங்கள் ஒத்துக்கொள்ளக்கூடிய கடைசி விலையைவிடப் பத்து வீதம் கூட்டிப் போடுங்கள். இங்கே யாரும் குறைக்கச் சொல்லாமல் வாங்குவதில்லை. அதற்காக முப்பது வீதம் கூட்டி வைத்தால் அழைப்பே வராது. கடைசி விலையைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். பேச்சின் சூட்டில் இறங்கிவிடாமல் இருக்க அது உதவும்.

நாளும் முக்கியம். சம்பளம் வரும் 25ஆம் திகதியிலிருந்து அடுத்த மாதம் பத்தாம் திகதி வரை அழைப்புகள் கூடும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் டிசம்பரிலும் போனஸ் காசு புழங்கும். மாத நடுவில் பெரிய சாமானைப் போட்டுவிட்டு, அழைப்பு வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

5. எங்கே போடுவது

பெரிய சாமான், மின்சாதனம், தளபாடம் என்றால் இக்மன். தீவு முழுக்க ஆட்கள் அங்கேதான் தேடுகிறார்கள். காசு கட்டி விளம்பரத்தை மேலே ஏற்றும் வசதி இருக்கிறது, பொழுதுபோக்காக விற்பவருக்கு அது தேவைப்படாது. பேஸ்புக் மார்க்கட்பிளேஸில் அயலவர்கள் கிடைப்பார்கள், கேட்பவரின் பக்கத்தைத் திறந்து ஆள் யாரென்று பார்க்கவும் முடியும். நேற்றுத் திறந்த, படமில்லாத கணக்கென்றால் கவனமாக இருங்கள். டராஸ் புதுப்பொருள் விற்கும் வியாபாரிகளுக்கு ஏற்ற இடம், ஒரு பழைய மேசைக்காக அங்கே போகத் தேவையில்லை.

நடன ஆடை, வாத்தியம், தமிழ்ப் புத்தகம், லண்டன் பாடப்புத்தகம் இவற்றுக்கு நான் முதலில் போவது வட்ஸ்அப் குழுக்களுக்கு. தொடர்மாடிக் குழு, பாடசாலைப் பெற்றோர் குழு, நடன வகுப்புக் குழு. நடத்துபவரிடம் கேட்டுவிட்டுப் போடுவது மரியாதை. தெரிந்தவரின் தெரிந்தவர் என்பதால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

6. விளம்பரத்தை எழுதுவது

இக்மனில் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். எளிய ஆங்கிலத்தில் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். சிங்களம் தெரிந்த நண்பரிடம் நாலு வரி கேட்டு வாங்கிப் போட்டால் இன்னும் நல்லது. எந்த மொழியில் எழுதினாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"ஏழு கிலோ ஃபுல் ஓட்டோ வோஷிங் மெஷின். 2021 இல் புதிதாக வாங்கியது, எங்கள் வீட்டில் மட்டும் பாவித்தது. எல்லா மோட்டும் வேலை செய்கிறது. குறை: மூடியின் வலது மூலையில் துரு, கடைசிப் படத்தில் பாருங்கள். வீடு மாறுவதால் விற்கிறோம், புது வீட்டில் வைக்க இடமில்லை. வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. வந்து தண்ணீர் விட்டு ஓடவைத்துப் பார்க்கலாம். பில் உண்டு. 48,000 ரூபா, சிறிது பேசலாம்."

விற்கும் காரணம் அதில் இருப்பதைக் கவனியுங்கள். வீடு மாறுகிறோம், பிள்ளை வளர்ந்துவிட்டது, வெளிநாடு போகிறோம், புதிது பரிசாக வந்தது என்று உண்மைக் காரணம் எதுவோ அதை எழுதினால் போதும். லிஃப்ட் பற்றிய வரியும் அதேபோல் தேவையானது. மூன்று மாடி இறக்குவதற்கு எத்தனை ஆள், எந்த வண்டி என்று வாங்குபவர் அந்த வரியை வைத்துத்தான் கணக்குப் போடுவார். பெரிய தளபாடமென்றால் நீள அகலத்தையும், கழற்றிப் பூட்டலாமா என்பதையும் எழுதுங்கள்.

முகவரி வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். அடிக்கடி விற்க நினைத்தால் தனியாக ஒரு சிம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. அழைப்பும் பேரமும்

"தாம தியெனவாத?" "லாஸ்ட் ப்ரைஸ் கீயத?" இந்த இரண்டும்தான் முதலில் வரும். சாமான் இருக்கிறதா, கடைசி விலை என்ன. சாமானைப் பார்க்காமல் கடைசி விலை கேட்பவருக்கு நான் இலக்கம் சொல்வதில்லை. "வந்து பாருங்கள் அண்ணா, பிடித்திருந்தால் பேசிக்கொள்ளலாம்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். உண்மையிலேயே தேவைப்படுபவர் வருவார். சிங்களத்தில் பேசத் தயக்கம் என்றால் வட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள், குரலில் தடுமாறுவதைவிட எழுத்தில் விலையும் நேரமும் தெளிவாக இருக்கும்.

"எனக்காக எடுத்து வையுங்கள், ஞாயிறு வருகிறேன்" என்பவர்களில் பாதிப்பேர் வருவதில்லை. முற்பணம் தராதவருக்காக மற்றவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். முதலில் வந்து பார்ப்பவருக்குத்தான் சாமான் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொன்னால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

8. சந்திப்பும் காசும்

கையில் கொண்டுபோகக்கூடிய சாமானை வீட்டுக்கு வெளியே கொடுங்கள். மெஜஸ்டிக் சிட்டி, லிபர்ட்டி பிளாசா, ஆள் நடமாட்டமுள்ள சுப்பர் மார்க்கட் வாசல் என்று பகல் நேரத்தில், கமரா உள்ள இடமாகப் பாருங்கள். பெரிய சாமானைப் பார்க்க வீட்டுக்கு வரத்தான் வேண்டும். அப்போது வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும், காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முடிந்தால் சாமானை வாசல் அறைக்கு நகர்த்தி வையுங்கள். தனியாக இருக்கும் அக்காமார் அயல்வீட்டாரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

காசுத்தாள் வாங்கினால் 5,000 ரூபாத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பறவையின் நீர்க்குறி தெரிகிறதா என்று பாருங்கள். வாங்குபவர் முன்னாலேயே பார்க்கலாம், யாரும் கோபிப்பதில்லை.

வங்கிப் பரிமாற்றத்தில்தான் ஏமாற்று அதிகம். அனுப்பியதாக ஒருவர் காட்டும் ஸ்லிப்பை நம்பிச் சாமானைக் கொடுக்காதீர்கள். அந்தப் படத்தைப் போனிலேயே திருத்தலாம். வங்கிகளை இணைக்கும் லங்காபே வலையமைப்பு வழியாகப் போகும் உடனடிப் பரிமாற்றம் சில நிமிடத்தில் உங்கள் கணக்குக்கு வந்துவிடும், ஸ்லிப்ஸ் (SLIPS) எனும் இன்னொரு வங்கிப் பரிமாற்ற முறையில் அனுப்பினால் உடனே வராது. எதுவாக இருந்தாலும் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். எஸ்எம்எஸ்ஸும் போலியாக வரலாம். காசோலை என்றால் கணக்கில் தொகை தெரிந்தாலும் அது மாறும் வரை காத்திருங்கள்.

இன்னொரு வகை, பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதிப்பவர். வெளியூரில் இருக்கிறேன், கூரியர்காரர் வந்து எடுப்பார், காசைப் பெற இந்த லிங்கை அழுத்துங்கள் என்பார். அந்தப் பக்கம் அட்டை இலக்கம் கேட்கும், பிறகு ஓடிபி, அதாவது வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ஒருமுறைக் குறியீடு, கேட்கும். உங்களுக்குக் காசு அனுப்புவதற்கு ஒருவருக்குத் தேவையானது உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் மட்டுமே. இதைத் தாண்டி எதைக் கேட்டாலும் உரையாடலை நிறுத்திவிடுங்கள். ஓடிபியை ஏற்கெனவே கொடுத்துவிட்டால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லி. அதன்பின் இணையக் குற்றங்களில் உதவும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 இற்கு. ஆள் நேரில் வந்து மிரட்டினால் பொலிஸ் 119.

9. அனுப்பி வைப்பது

கொழும்புக்குள் சிறிய பொதிக்கு பிக்மி, ஊபர் வழியாக அனுப்பலாம், காசு முதலில் வந்திருக்க வேண்டும். வெளியூருக்குக் கூரியர். பொதி கிடைத்ததும் காசு வாங்கும் சிஓடி முறையில் வாங்குபவர் எடுக்காமல் திருப்பிவிட்டால் அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம், அதனால் அனுப்பும் செலவையாவது முன்கூட்டி வாங்குங்கள். யாழ்ப்பாணத்துக்கென்றால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவது இன்றும் நல்ல வழி. பஸ் இலக்கத்தையும் நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி மறுமுனைக்கு அனுப்பிவிடுங்கள். பொதி கட்டுவதற்கு முன் சாமான் ஓடும் நிலையில் ஒரு சிறு வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்புவது, பிறகு வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

10. விற்றதும் விற்காததும்

விற்ற அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரமாக அழைப்பே இல்லையென்றால் முதல் படத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு விலையைப் பத்து வீதம் குறையுங்கள். அதற்கும் ஆள் வராவிட்டால் தேவைப்படுபவருக்குச் சும்மா கொடுத்துவிடலாம். வேலை செய்யாத மின்சாதனத்தைக் குப்பையில் போடாமல் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

சிலருக்கு இது பிடித்துப்போய், மற்றவரிடம் வாங்கி விற்கத் தொடங்குவார்கள். அந்த நாளிலிருந்து அது வியாபாரம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். வருமானம் வரிக் கணக்கில் சேரும், 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டிலிருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு உண்டு. சம்பளமும் இதுவும் சேர்ந்த தொகைக்குத்தான் அந்த எல்லை என்பதால், வாங்கிய விலை, விற்ற விலை, திகதி மூன்றையும் முதல் சாமானிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.